பட்ஜெட்டுக்குள் ஒரு போன்

நாங்கள் தயாரித்த மலிவு விலை போனில் ஸ்டோரேஜை 32 ஜிபியிலிருந்து 16 ஆகக் குறைத்தால்தான் அது விலை வரம்புக்குள் வரும் என்று சொன்னது நான்தான். அந்தக் கணக்கு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் டெஸ்டிங்கில் இருந்த பெண் அன்று கேட்டது மனதை விட்டுப் போகவில்லை.

"பாதி இடத்த சிஸ்டமே எடுத்துக்கும் சார். மிச்சத்த வாட்ஸ்அப் படங்களே நிரப்பிடும். அப்புறம் அப்டேட்கூட இறங்காது. வாங்கினவங்க என்ன பண்ணுவாங்க?"

"விலை ஏறினா வாங்கவே மாட்டாங்கம்மா."

"வாங்கின பிறகு நடக்கிறதத்தான் சார் கேக்கறேன்."

நேரமில்லை. அடுத்த மாடலுக்குப் போய்விட்டோம்.

வளரும் நாடுகளில் முதல் போன் வாங்குபவர் பெரும்பாலும் கையில் ஒரு தொகையோடு வருகிறார். அதற்கு மேல் எவ்வளவு நல்ல போன் இருந்தாலும் அவருக்கு அது இல்லாததுபோலத்தான். 2005-ல் 100 டாலர் லேப்டாப் என்று பேசப்பட்ட 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' கணினி, 2007-ல் உற்பத்திக்கு வந்தபோது 190 டாலரை நெருங்கியிருந்தது. எதிர்பார்த்த எண்ணிக்கையில் அரசுகள் வாங்கவில்லை. விலை மட்டுமே காரணமில்லை, ஆனாலும் எனக்கு அது பெரிய பாடம்.

மலிவாக்க எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும். 2004-ல் வளரும் நாடுகளுக்காக வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஸ்டார்ட்டரில் ஒரே சமயத்தில் மூன்று புரோகிராம்தான் திறக்கலாம். அது வேண்டுமென்றே போட்ட பூட்டு. நான் வெட்டியது நிஜமாகவே காசு பிடிக்கும் சிப்பை. இந்த வித்தியாசம் எனக்கு ஆறுதல். ஆனால் இடம் நிரம்பி நிற்கும் போனை வைத்திருப்பவருக்கு இதனால் என்ன? மெமரி கார்டு போடலாமே என்பேன். ஆனால் செயலிகளில் பெரும்பாலானவை உள் ஸ்டோரேஜில்தான் உட்காரும், அதுவோ போர்டில் சாலிடர் செய்தது, பிறகு கூட்ட முடியாது. மேலும், ஒரு போனுக்குத் தேவையான குறைந்தபட்ச அளவும் உயர்ந்துகொண்டே போகிறது. 1 ஜிபியும் அதற்குக் குறைவான ரேமும் உள்ள போன்களுக்கென்று 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு கோ, 2022-ல் 13-ஆம் பதிப்பில் குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்டது.

தவணையில் வாங்க வழி செய்திருந்தால் 32 ஜிபியையே விற்றிருக்கலாமோ? மாதத் தொகைதான் விலை என்று ஆகிவிடும், வரம்பும் தளரும். ஆனால் சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு யார் தருவார்கள்? கென்யா போன்ற இடங்களில் தருகிறார்கள், தவணை தவறினால் போன் பூட்டிக்கொள்ளும். அது மேலானதா, தெரியவில்லை.

அந்த 16 ஜிபி போன் நன்றாகவே விற்றது. அந்த எண்ணிக்கையை டெஸ்டிங் பெண்ணிடம் காட்டலாம் என்று தோன்றும். இடம் நிரம்பியதால் எத்தனை பேர் சீக்கிரமே இன்னொரு போன் வாங்க வேண்டிவந்தது என்பதை எங்கள் பிரிவில் எண்ணுவதில்லை.