நஷ்டத்துக்குப் பிறகு ஒரு தாள்

மார்ச் 3
தொழில் அடிவாங்கிய வாரத்தில் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். முதலில் ஒரு தாளில் பதின்மூன்று கட்டம், கட்டத்துக்கு ஒரு வாரம். மேலே தொடக்கக் கையிருப்பு, அடுத்து வரவு, செலவு, கடைசியில் மிச்சம். இந்த வார மிச்சம்தான் அடுத்த வாரத் தொடக்கம். பதின்மூன்று வாரம் என்பது கால் வருடம். மூன்று மாதச் சம்பளம், வாடகை, கடன் தவணை எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

தப்பு நடப்பது வரவு வரிசையில். பில்லில் 30 நாள் என்று இருக்கும். ஆனால் அந்த வாடிக்கையாளர் போன மூன்று பில்லையும் 50 நாள் கழித்துத்தான் தீர்த்திருப்பார். தாளில் ஏற வேண்டியது 50. வாய்வார்த்தையில் நிற்கும் ஆர்டரை எழுதவே கூடாது. மிச்சம் எந்த வாரம் மைனஸுக்குப் போகிறதோ, அதுவரைதான் அவகாசம்.

மார்ச் 5
ஒன்பதாவது வாரம் இடிக்கிறது என்றால், சரக்கு கொடுத்தவர்களிடம் பேச வேண்டியது இந்த வாரமே. தொகையும் தேதியும் சொல்லிப் பேச வேண்டும். சின்னத் தொகைதான் முடியும் என்றால் அதையே சொல்லி, சொன்ன நாளில் கொடுத்துவிட வேண்டும். போனை எடுக்காமல் விட்டால் அடுத்த லோடு வராது.

மார்ச் 9
விற்பனை படுத்தால் கை தானாகத் தள்ளுபடிக்குப் போகும். 100க்கு விற்கும் பொருளின் அடக்கம் 75 என்றால் நிற்பது 25. விலையில் 10 குறைத்தால் நிற்பது 15. முன்பு 60 விற்றுப் பார்த்த லாபத்தை இனி 100 விற்றால்தான் பார்க்கலாம். அந்த 40 பேர் எங்கிருந்து வருவார்கள்? தேங்கிய சரக்குக்கு மட்டும் தள்ளுபடி சரி, அங்கே முதல் முடங்கிக் கிடக்கிறது.

மார்ச் 14
வாங்குவதை நிறுத்தியவர்களில் பத்துப் பேரிடம் பேச வேண்டும். "பிடித்திருந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "இப்போது இந்த வேலைக்கு என்ன செய்கிறீர்கள், அதற்கு எவ்வளவு ஆகிறது?" என்று கேட்டால்தான் விஷயம் வரும்.

மார்ச் 20
கிளிட்ச் என்ற இணைய விளையாட்டு 2012 டிசம்பரில் மூடப்பட்டது. அதை உருவாக்கிய குழு தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்து வைத்திருந்த கருவியே 2013இல் ஸ்லாக் என்ற அலுவலக உரையாடல் செயலியாக வெளிவந்தது. இதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்கிறார்கள். மூடும்போது கையில் பணம் மிச்சம் இருந்தது என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. காசு தீர்ந்த பிறகு தொழிலை மாற்ற நினைத்தால், மாற்ற ஒன்றும் இருக்காது.

மார்ச் 27
மாற்றிப் பார்க்கும்போது ஒரு தடவைக்கு ஒன்றுதான். பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன் தூசுறிஞ்சிக்காக 5,127 மாதிரிகள் செய்தார், ஒவ்வொன்றிலும் ஒரு மாற்றம் மட்டும். விலையையும் அளவையும் சேர்த்து மாற்றினால் விற்றது எதனால் என்று தெரியாது.

தொடங்கும் முன்பே எழுதி வைக்க: கெடு நான்கு வாரம், செலவு கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு, இலக்கு முன்பணம் கொடுக்கும் 8 பேர். மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் நிறுத்த வேண்டும். ஆறு பேர் வந்து, அதில் இருவர் மறுபடி வாங்கியிருந்தால் இன்னும் இரண்டு வாரம் தரலாம், ஒரே ஒருமுறை.

ஏப்ரல் 3
வெள்ளிக்கிழமை வேலை: கணித்த வரவுக்குப் பக்கத்தில் உண்மையில் வந்ததை எழுதி, முடிந்த வாரத்தை அடித்துவிட்டு, கடைசியில் புது வாரம் ஒன்று சேர்க்க வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் வந்தது கணித்ததைவிடக் குறைவாகவே இருந்தால், மீதிக் கட்டங்களிலும் அதே அளவு குறைத்துவிட வேண்டியதுதான்.