ம் முதலில் வராது

மார்ச் 3
தூக்கம் இல்லை. வார்டு வாசலில் இருக்கும் பலகையை எத்தனை தடவைதான் படிப்பது? சரி, அதை வைத்தே ஒரு கவிதை எழுதலாம் என்று நோட்டைத் திறந்தேன். மேலிருந்து கீழாக ஒரு சொல் ஒளிந்திருக்க வேண்டும். சொல்: தம்பி.

மார்ச் 4
வரிகளின் முதலெழுத்தில் அவனை நிறுத்த முடியாது. த வரும், பி வரும். ம்? மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது. அப்போது நடுவில்தான். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் இப்படித்தான் செய்தார், மெசோஸ்டிக் என்று பெயர். ஒரு தடித்த நாவலைத் துருவி, அதை எழுதியவரின் பெயரையே வரிக்கு நடுவே திரும்பத் திரும்ப நிறுத்திக்கொண்டு போனார். அவருடைய கடுமையான விதியையே நானும் பிடித்துக்கொண்டேன்: ஒரு த-வை எடுத்தால், அடுத்த ம் வரைக்கும் இடையில் வேறு த-வும் வரக் கூடாது, ம்-மும் வரக் கூடாது. மற்ற எழுத்துகளுக்கும் இதே விதி. ஆனால் அவருக்கு 26 எழுத்து, எனக்கு 247. ஒரு பி-க்காக எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது! பலகையைக் கைபேசியில் தட்டி வைத்துத் தேடினேன். த போட்டால் தா, து, தே எல்லாவற்றிலும் போய் நிற்கிறது. விரல் வைத்துத்தான் தேட வேண்டும்.

மார்ச் 5
இன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 7
“கைகளைச் சுத்தம் செய்த பின் உள்ளே வரவும். பிற நோயாளிகளின் படுக்கை அருகே நிற்க வேண்டாம். சத்தம் போடக் கூடாது.”

சுத்தத்தில் த இருக்கிறது, ஆனால் ம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே சொல்லில் இரண்டும் வந்தால் வரி பிரியாது. அதைத் தள்ளிவிட்டு அடுத்த த-வைப் பிடித்தேன்.

செய்[த] பின்
உள்ளே வரவு[ம்]
[பி]ற

பலகையில் பிற என்றால் மற்ற. இங்கே வரி அதோடு நின்றுவிடுவதால், பிறந்து வா என்கிறது. நான் ஓர் எழுத்துகூடச் சேர்க்கவில்லை. பத்து தடவையாவது சரிபார்த்திருப்பேன்.

மார்ச் 8
கால் விரல்கள் சில்லென்று இருந்தன. போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

மார்ச் 10
தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவிகளில், அதாவது எழுத்துகளை வைத்து விளையாடும் செய்யுள்களில், கரந்துறைச் செய்யுள் என்று ஒன்று உண்டு. ஒரு செய்யுளின் எழுத்துகள் இன்னொரு செய்யுளுக்குள் மறைந்திருக்கும். அது புலவர் பார்த்துப் பார்த்து மறைத்தது. இந்தப் பலகையை எழுதியவருக்கோ அவனைத் தெரியவே தெரியாது. அப்படியும் அதில் இருக்கிறான். எனக்கு வேண்டியது அதுதான். அவனை நானாக உள்ளே வைத்தால் பிரயோஜனம் இல்லை. விதியில் ஒரு இடத்தில் விட்டுக்கொடுத்தாலும் நானே வைத்த மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 12
இரண்டாவது சுற்று. பிற-வுக்கு அப்புறம் வரும் முதல் த, சத்தத்தில். மறுபடியும் ம் ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்தத் தடவை தள்ளவும் முடியாது, பி-க்கும் த-வுக்கும் நடுவில் இன்னொரு த வரக் கூடாதே. சத்த, ம் என்று இரண்டு வரியாக உடைக்கலாம். ம் மட்டும் தனி வரியாக நிற்கும். மனம் ஒப்பவில்லை. ராத்திரி இரண்டு மணி வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 13, காலை 6.10
“தம்பி” என்று கூப்பிட்டேன். “ம்” என்றான்.