பாஸ் இரண்டு வருஷம், கார் யார் பேரில்?

மலேசியாவில் கார் வாங்குவதா, மாத வாடகைக்கு எடுப்பதா என்று கேட்டால் கோலாலம்பூரில் இருப்பவர் ஒரு பதில் சொல்வார். எல்ஆர்டி ரயில் இருக்கிறது, கிராப் டாக்ஸி இருக்கிறது, இரண்டுமே வேண்டாம் என்றுகூடச் சொல்லலாம். நான் இருப்பது பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள். எண்ணெய் மில்லில் பராமரிப்பு இன்ஜினியர் வேலை, இரண்டு வருஷ எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி), தோட்டத்திலேயே குவார்ட்டர்ஸ். தார் ரோட்டைத் தொடவே செம்மண் பாதையில் கொஞ்ச தூரம் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி, பேங்க், சூப்பர் மார்க்கெட் எல்லாம் தெலுக் இந்தானில். கிராப் செயலியைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி வராது. மனைவியும் பையனும் கோவில்பட்டியிலிருந்து வந்து சேர்ந்த பிறகு மில் வேனை நம்பிக் காலம் தள்ள முடியவில்லை. கார் கட்டாயம். அது யார் பேரில் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில்தான் ஏறக்குறைய ஒரு வருஷம் போனது.

முதலில் வாடகை. ஈப்போவில் உள்ள ஒரு கம்பெனியிடம் பெரோடுவா பெஸ்ஸா, மாதம் 1,300 ரிங்கிட், குறைந்தது ஆறு மாத ஒப்பந்தம். இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், சர்வீஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பெட்ரோலும் டோலும் நம் பொறுப்பு. புதிதாக வந்தவனுக்கு இது நல்ல ஏற்பாடு என்றே இன்றும் சொல்வேன். இந்திய லைசென்ஸும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் காட்டியதும் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். பாஸ் புதுப்பிக்கப்படுமா, மனைவிக்கு ஊர் பிடிக்குமா, பையன் பள்ளிக்கூடத்தில் ஒட்டுவானா என்று எதுவுமே தெரியாத நேரத்தில், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற நிம்மதிக்கு ஒரு விலை உண்டு.

ஆனால் ஒப்பந்தத்தை உட்கார்ந்து படிக்க வேண்டும். என்னுடையதில் மூன்று வரிகள் தோட்டத்துக்காரனுக்கென்றே எழுதியது போல இருந்தன. தார் போடாத பாதையில் ஓட்டி வண்டிக்கு அடிபட்டால் செலவு நம் தலையில். மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு, தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டக் கூடாது. எங்கள் வீட்டுக்குப் போகும் வழியே தார் போடாத பாதை. ஒப்பந்தப்படி பார்த்தால் காரை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். மழைக்காலத்தில் குலை ஏற்றிப்போகும் லாரிகள் போட்ட பள்ளத்தில் பம்பர் தட்டி, ஒரு தடவை அடிக்கவரும் கிழிந்தது. வைப்புத் தொகையில் பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டவன் நான்தான், சண்டை போட முடியவில்லை.

வாடகையிலேயே மலிவான வகை ஒன்றும் ஊரில் உண்டு. யாரோ ஒருவர் தன் சொந்தக் காரை மாதம் 800, 900 என்று கொடுப்பார். ரசீது கிடையாது. இதில் சிக்கல் இன்சூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த பாலிசி வாடகைக்கு விட்ட காரைக் காப்பாற்றாது. சின்ன உரசல் என்றால் கைக்காசில் போகும். யாருக்காவது கை கால் போனால் என்ன செய்வது? அந்தப் பக்கமே நான் போகவில்லை.

இதற்கிடையில் லைசென்ஸ். இந்தியாவில் வாங்கிய சர்வதேச அனுமதி ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். அதனால் தெலுக் இந்தானில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முதலிலிருந்து தொடங்கினேன். கம்ப்யூட்டர் தேர்வில் 50 கேள்வி, 42 சரியாக வர வேண்டும். அப்புறம் எல் லைசென்ஸ், பயிற்சி, மேட்டில் நிறுத்தி எடுப்பது, பார்க்கிங், ரோட்டுத் தேர்வு. பதினைந்து வருஷமாக ஓட்டுகிறவன் பதினேழு வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பது கொஞ்சம் கூச்சம்தான், ஒன்றும் குறைந்துவிடவில்லை. தேறியதும் கிடைப்பது பி லைசென்ஸ், புது ஓட்டுநருக்கான தற்காலிக லைசென்ஸ். இரண்டு வருஷம் கண்ணாடியில் பி ஸ்டிக்கரோடு ஓட்ட வேண்டும். பி லைசென்ஸ்காரர்களுக்குக் கார் தராத வாடகைக் கம்பெனிகள் நிறைய. என் கம்பெனியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது இதைச் சொல்லி இழுத்தது. சொந்தக் கார் பக்கம் என்னை உண்மையில் தள்ளியது இதுதான்.

பேங்குக்குப் போனேன். இங்கே கார் கடன் ஹயர் பர்ச்சேஸ் முறையில் நடக்கிறது. 1967-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. கடன் முடியும் வரை பேங்குதான் உரிமையாளர், நாம் வாடகைக்கு எடுத்தவர் மாதிரி. நான் போனபோது வட்டியை முழு அசலுக்கும் கடைசி வருஷம் வரை ஒரே சீராகப் போட்டார்கள். 30,000 ரிங்கிட்டுக்கு 3.5 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் வட்டி 5,250. மாதம் 587 ரிங்கிட் 50 சென். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி குறையாது என்பதால், நம் ஊர்க் கணக்கில் அது ஆறரை சதவீதத்தை ஒட்டி வந்தது.

எனக்கு வட்டி தடையாக இல்லை. பாஸ் இரண்டு வருஷம், கடன் ஐந்து வருஷம், அதுதான் இடித்தது. பேங்க் அதிக முன்பணமும் மலேசியர் ஒருவரின் ஜாமீனும் கேட்டது. மில் போர்மன் அண்ணன் தயங்காமல், “நான் கையெழுத்துப் போடறேன் தம்பி, இதுல என்ன இருக்கு” என்றார். நல்ல மனசு. ஆனால் நாளைக்கு என் பாஸ் புதுப்பிக்கப்படாமல் நான் விமானம் ஏறிவிட்டால், மிச்சத் தவணைக்குப் பேங்க் அவர் வீட்டுக் கதவைத் தட்டும். அவருக்கு மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டேன்.

கடன் கிடைக்காத வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்ததும் ஊரில் ஒரு யோசனை தானாக வந்து சேரும்: சம்போங் பாயார். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான்.

ஒருவர் கடனில் கார் வாங்கியிருப்பார், தவணை கட்ட முடியாது. நம்மிடம் வந்து, “கையில ஒரு மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) குடுங்க, மாசாமாசம் 480 கட்டிட்டு நீங்களே ஓட்டுங்க” என்பார். பெயர் மாற்றம் கிடையாது, பேங்குக்குத் தெரியாது. ஒரு தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுச் சாட்சி வைத்துக்கொள்வார்கள். எனக்கு வந்தது ஒரு வெள்ளைப் புரோட்டோன் சாகா கார், பளபளவென்று இருந்தது. மனைவிக்குக்கூடப் பிடித்துவிட்டது. மாதம் 1,300 கொடுக்கிற இடத்தில் 480 என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

நான் வண்டியை விட்டுவிட்டு ஆள்களைப் பற்றி யோசித்தேன். பேங்கின் சம்மதம் இல்லாமல் ஹயர் பர்ச்சேஸ் காரைக் கைமாற்றிவிடச் சட்டத்தில் இடமில்லை. நான் ஒழுங்காக அவரிடம் பணம் கொடுத்து அவர் பேங்கில் கட்டாவிட்டால், தொடர்ந்து இரண்டு தவணை தவறியதுமே நோட்டீஸ் போகும். அது போவது அவர் வீட்டுக்கு, எனக்குத் தெரியாது. அப்புறம் ஒருநாள் பசாரில் நிறுத்திய இடத்திலிருந்து காரை இழுத்துக்கொண்டு போவார்கள். என் பெயர் எங்கேயும் இருக்காது. இன்சூரன்ஸும் அவர் பேரில்தான். விபத்தில் கார் முழுசாகப் போனால் இழப்பீடு முதலில் பேங்குக்கு, மிச்சமிருந்தால் அவருக்கு. அவரே மனசு மாறி ஸ்பேர் சாவியோடு வந்து எடுத்துக்கொண்டு போனாலும் போலீஸில் நான் என்ன சொல்லிப் புகார் கொடுப்பேன்? அவர் பக்கமும் பாவம்தான். நான் வேகமாக ஓட்டினால் சம்மன், அதாவது போக்குவரத்து அபராதம், அவர் பேரில் ஏறும். எங்கள் மில்லிலேயே வங்காளதேசத்துத் தம்பி ஒருவர் இப்படி எடுத்த காரை இழந்து, கொடுத்த முன்பணத்தையும் கட்டிய தவணைகளையும் விட்டுவிட்டு இப்போது மோட்டார் சைக்கிளில் வருகிறார்.

மிஞ்சியது ரொக்கத்துக்குப் பழைய கார். இதில் மலேசியா நமக்குக் கொஞ்சம் தயவு காட்டுகிறது. பெரோடுவா, புரோட்டோன் இரண்டும் உள்ளூர்த் தயாரிப்பு. ஸ்பேர் பார்ட்ஸ் பட்டணத்துக்குப் போகாமலே கிடைக்கும், எந்தப் பட்டறையிலும் பிரித்துப் போடுவார்கள். பெரோடுவாவின் மைவி 2005-இலிருந்து ஓடுகிறது, விற்கும்போது விலை அவ்வளவாக இறங்காது. ரோட் டேக்ஸும் இன்ஜின் அளவைப் பொறுத்தது. 1,000 சிசி வரை வருஷத்துக்கு வெறும் 20 ரிங்கிட், 1,200-க்கு மேல் 1,400 வரை 70, 1,600 வரை 90. பழைய ஜப்பான் கார் ஒன்று பெரிய இன்ஜினோடு மலிவாகக் கிடைத்தது, ரோட் டேக்ஸையும் பெட்ரோலையும் நினைத்து விட்டுவிட்டேன்.

2016 மைவி 1.3, நாலு கியர் ஆட்டோ, ஒரே ஓனர், ஓய்வு பெற்ற ஆசிரியர். 24,000 ரிங்கிட். பார்க்கப் போகும்போது ஊர்ப் பட்டறை மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தார், பிறகு ஸ்பேர் டயர் குழியில் கை விட்டார், கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்தார். வெள்ளத்தில் மூழ்கிய கார் என்றால் சேறு அங்கேதான் ஒளிந்திருக்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா பக்கம் அத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன. அதில் எது கழுவித் துடைத்து எந்த ஊருக்கு வந்தது என்று யார் கண்டது? எங்கள் பக்கமே ஆற்றுத் தண்ணீர் ஏறுகிற ஊர். அதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் இன்ஜின், கியர், டெஸ்ட் டிரைவ்.

பெயர் மாற்றத்துக்கு வரிசை உண்டு. முதலில் விற்பவர் பேரில் சம்மனோ கடனோ பாக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கெரானில், அதாவது காரின் பதிவுச் சான்றிதழில், பேங்கின் உரிமைக் குறிப்பு நீங்கியிருக்க வேண்டும். அப்புறம் புஸ்பாகம் என்ற வாகனச் சோதனை நிலையத்தில் சோதனை. இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் கார் முதல் தடவை தேறவில்லை, காரணம் கண்ணாடி டின்ட். முன் கண்ணாடி 70 சதவீதமும் முன் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சம் விட வேண்டும். ஆசிரியரின் மகன் எப்போதோ கறுப்பாக ஒட்டி வைத்திருந்தான். அவரே உரித்துவிட்டு மறுபடி கொண்டுபோனார்.

சோதனை முடிந்ததும் என் பேரில் இன்சூரன்ஸ். அது இல்லாமல் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) மாற்ற மாட்டார்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்குத் தரும் என்சிடி என்ற தள்ளுபடி புது ஆளுக்குப் பூஜ்யம். ஆசிரியர் 55 சதவீதத் தள்ளுபடி வைத்திருந்தார், அது அவரோடு போய்விடும். நமக்கு அடுத்த வருஷம் 25 சதவீதத்தில் தொடங்கும். முதல் வருஷத்துக்கு ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டி வந்தது. வெள்ளத்துக்கான காப்பு தனி, அதைக் கேட்டு வாங்க வேண்டும், ஏஜென்ட் தானாகச் சொல்வதில்லை. கடைசியில் ஜேபிஜே கவுன்டரில் இரண்டு பேரும் பெருவிரல் ரேகை வைத்தோம். பாஸ்போர்ட்டையும் பாஸையும் பார்த்தார்கள். பணத்தை அதற்குப் பிறகுதான் முழுசாகக் கொடுத்தேன்.

இப்போது கணக்கு. வாடகையிலேயே இரண்டு வருஷம் இருந்திருந்தால் 31,200 போயிருக்கும், கையில் ஒன்றும் மிஞ்சாது. மைவிக்கு 24,000. அதோடு இரண்டு வருஷ இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ், நாலு டயர், பேட்டரி, பிரேக், சர்வீஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு ஆறாயிரம். 18,000-க்கு விற்றால்கூட உண்மைச் செலவு பன்னிரண்டாயிரம். ஆனால் ஆறு மாதத்திலேயே கிளம்ப வேண்டி வந்திருந்தால்? அவசரத்தில் விற்று, புது டயர் போட்ட காசையும் இழந்து, வாடகைக்குக் கொடுத்திருக்கும் 7,800-ஐ விடக் கூடுதலாகவே போயிருக்கும். அதனால் பாஸில் ஒரு வருஷத்துக்குக் குறைவாக இருப்பவர்கள் வாடகையோடு இருப்பதே சரி என்பேன். மில்லில் பேசும்போது இதைச் சொன்னால் சிலர் முறைக்கிறார்கள்.

பெட்ரோல் எந்தப் பக்கமும் கணக்கை மாற்றாது. 2025 செப்டம்பர் 30 முதல் மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 99 சென், மைகாட் (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை) காட்டிப் போட வேண்டும். நம்மிடம் மைகாட் இல்லை. நமக்கு மானியம் இல்லாத விலை, அது தொடங்கியபோது 2 ரிங்கிட் 60 சென். மாதம் நூறு லிட்டர் என்றால் அப்போது 61 ரிங்கிட் கூடுதல். வாடகைக் கார் என்றாலும் பங்க்கில் நிற்பது நாம்தானே.

கிளம்பும் காலத்துக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். வெளிநாட்டு ஊழியர் நாட்டை விட்டுப் போகிறார் என்றால் முதலாளி குறைந்தது 30 நாள் முன்னதாக வருமான வரி இலாகாவுக்கு எழுத வேண்டும். வரி தீரும் வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைப்பார்கள். அந்த மாதம் கையில் இருப்பது கார் விற்ற பணம்தான். அதற்காகக் கடைசி வாரம் வரை வைத்திருந்து, “பிறகு பேர் மாத்திக்கலாம்” என்று நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கார் உங்கள் பேரிலேயே இருக்கும், சம்மனும் உங்கள் பேரிலேயே வரும், பெருவிரலோ கோவில்பட்டியில் இருக்கும்.

பாஸ் இன்னொரு முறை புதுப்பித்தாகிவிட்டது, அதனால் எனக்கு இப்போது அவசரமில்லை. இருந்தாலும் மெக்கானிக் அண்ணன், நீங்கள் போகும்போது 18,000-க்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். 19 என்று சொல்லி வைத்திருக்கிறேன்.