தவறணைப் பலகை

எங்கள் பள்ளிச் சித்திர மாஸ்டர் காலமாகி ஓராண்டாகிறது. ஒரு பக்கம் எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டது. வெள்ளி கடைசிப் பாடம், மேல்மாடி மூலை அறை, அந்தப் பிரம்பு எல்லாம் உங்களுக்கும் தெரியும். ஆகவே, பாடத்திட்டத்தில் இல்லாமலே அவர் படிப்பித்த ஆங்கில கேலிச்சித்திரக்காரர் ஜோர்ஜ் குரூக்சாங்கோடு நிற்கிறேன்.

1847இல் வந்த அவருடைய 'போத்தல்' என்ற படத்தொடர், 8 படங்கள். முதலாவதில் துப்புரவான அறை, அடுப்பில் நெருப்பு. கணவன் மனைவிக்கு "ஒரு துளி" ஊற்றிக் கொடுக்கப் பார்க்கிறான். இரண்டாவதில் வேலை போய், உடுப்புகள் அடைவுக்குப் போகின்றன. அடுத்ததில் கடனுக்குத் தளபாடம் தூக்குகிறார்கள். ஐந்தாவதில் கடைக்குட்டி சாகிறது. ஏழாவதில் அதே போத்தலால் மனைவியை அடித்துக் கொல்கிறான். கடைசியில் பைத்திய ஆஸ்பத்திரி.

மாஸ்டர் எங்களையும் குடிகாரன் வீடொன்று கீறச் சொன்னார். நான் போத்தலைக் குடமளவுக்குக் கீறினேன். கொப்பியைத் தூக்கி வகுப்புக்கே காட்டி, "தம்பி தவறணைக்குப் பெயர்ப்பலகை கீறியிருக்கிறார்" என்றார். அந்தப் பட்டப்பெயர் லண்டன் ஒன்றுகூடலிலும் என்னை விடவில்லை. "போத்தலை விடு, பூனையைப் பார்" என்பார் மாஸ்டர். முதற்படத்தில் அடுப்படியில் இருக்கும் பூனை, இரண்டாவதில் மேசையேறி வெறுங்கோப்பையை நக்கும்.

'போத்தல்' அச்சான முறையையும் விடமாட்டார். கறுப்பாக்கிய செப்புத் தகட்டில் வெள்ளை மெழுகுக் கலவையை மெல்லிதாகப் பூசி ஊசியால் கீறினால், தாளில் போலவே கறுப்புக் கோடு தெரியும். இடம் வலம் மாற்றிக் கீறத் தேவையில்லை. பிறகு காரீயத்தூள் தடவி, மின்கலத் தொட்டியில் செம்பு படியவிட்டு உரித்தெடுத்தால் கீறலெல்லாம் மேடாக நிற்கும். வெள்ளையாக விடவேண்டிய அகலமான இடங்களில் மெழுகை மேலும் உயர்த்தாவிட்டால் அங்கேயும் மை ஒட்டிவிடும். அமிலத்தில் அரித்த தகட்டை ஒவ்வொரு பிரதிக்கும் கையால் துடைக்கவேண்டும்; இது எழுத்தச்சு இயந்திரத்திலேயே ஓடும். அதனால்தான் எட்டுப் படமும் 1 ஷில்லிங். அவருடைய பழைய மயிரிழைக் கோடு மட்டும் இதில் தடித்துப்போனது.

'போத்தல்' வந்த கையோடு குரூக்சாங் தானே குடியை விட்டார். அதோடு சிரிப்பும் போனது என்பது மாஸ்டரின் தீர்ப்பு. 1830களில் ஜின்னை ஜகந்நாதர் தேராக்கி, சில்லடியில் சனத்தை நசித்துக் கீறியவர் அவர். (நல்லூர்த் தேரிழுத்த கையோடு வகுப்புக்கு வந்த எங்களுக்கு அது கொஞ்சம் உறைத்தது.) 1860–62இல் வரைந்த 'பாக்கஸ் வழிபாடு' (பாக்கஸ் என்பது ரோமரின் மதுத் தெய்வம்) 4 மீற்றர் அகலத் துணியில் 800க்கு மேற்பட்ட உருவங்கள், ஞானஸ்நானம், கலியாணம், செத்தவீடு, எங்கும் கிண்ணம். பார்க்க வந்தவர்களோ கொஞ்சம்பேர். 'போத்தல்' வந்தபோதே நாவலாசிரியர் டிக்கன்ஸ் குறை சொல்லியிருந்தார்: குடி வறுமையிலும் துயரத்திலும் அறியாமையிலும் தொடங்குகிறது, படம் அதைக் காட்டவில்லை என்று. மாஸ்டர் டிக்கன்ஸ் பக்கம். எண்ணூறு பேரை நிறுத்தியவனுக்கு ஒரு பூனையை நிறுத்த இடமில்லாமல் போய்விட்டது என்பார்.

மாஸ்டரிடம் இருந்தது போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பி. அடுப்படியில் ஒரு கறுப்புத் திட்டுத்தான் தெரியும். சப்பாத்து என்று நாங்கள் சாதித்தோம்.

இங்கே பழைய படக்கடையொன்றில் முதற்படம் கிடைத்தது. பூனைதான். மட்டைக் குழாயில் சுற்றி அவருடைய விலாசமும் எழுதினேன். தபாலில் நசிந்துவிடும், ஊருக்குப் போகும்போது கையில் கொடுக்கலாம் என்று மூன்று கோடை விடுமுறை தள்ளிப்போட்டேன். குழாய் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.