ஏழாவது ஸ்லைடும் பதினான்காவது ஸ்லைடும்

எங்கள் குழுவில் ஆறு பேர், எல்லோரும் மருத்துவ மாணவர்கள். வகுப்பில் விளக்க வேண்டிய கேஸ், அதாவது ஒரு நோயாளியின் விவரம், கைக்கு வந்த பத்தாவது நிமிடமே வாட்ஸ்அப்பில் பங்கு பிரித்தாகிவிட்டது. ஒருத்திக்குப் பரிசோதனை முடிவுகள், ஒருவனுக்கு நோய் எப்படி உண்டாகிறது என்பது, எனக்குச் சிகிச்சை. யாருக்கு எத்தனை ஸ்லைடு என்பதில்தான் கொஞ்சம் இழுபறி. கேஸை முழுதாக வாசித்தது யார் யார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கை தூக்கியிருக்க முடியாது.

19 வயதுப் பெண், இரண்டு நாளாக வாந்தி, மூச்சு வாங்குகிறது, ரத்தச் சர்க்கரை 480, பிஎச் 7.1, சிறுநீரில் கீட்டோன். பார்த்ததுமே டிகேஏ என்று சொல்லிவிடலாம், டயாபடிக் கீட்டோஅசிடோசிஸ்: இன்சுலின் போதாமல் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும் நீரிழிவு ஆபத்து. அவ்வளவு சுலபமாக இருந்ததில்தான் ஏமாந்தோம்.

ஏழாவது ஸ்லைடின் அட்டவணையில் பொட்டாசியம் 2.9 என்று இருந்தது. பதினோராவதில், இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும் என்று அம்புக்குறி போட்ட அழகான படம். பதினான்காவது என்னுடையது: சலைன், அப்புறம் இன்சுலின், கிலோவுக்கு மணிக்கு 0.1 யூனிட். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரி. சேர்த்துப் பார்த்தால், ஏற்கெனவே குறைந்திருக்கும் பொட்டாசியத்தை இன்னும் இறக்கி அந்தப் பெண்ணின் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் வைத்தியம் அது. 3.3க்குக் கீழே இருந்தால் இன்சுலினைத் தள்ளிவைத்து முதலில் பொட்டாசியத்தை ஏற்ற வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2009-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. டிகேஏவில் பொட்டாசியம் ஆரம்பத்தில் பெரும்பாலும் நார்மலாகவோ கூடுதலாகவோதான் காட்டும். குறைவாக வந்தால் அதுவே நம்மை உலுக்க வேண்டும்.

பேராசிரியர் சத்தம் போடவில்லை. "இன்சுலின் ஆரம்பிச்சிடலாமா?" என்றார். "ஆரம்பிச்சிடலாம் சார்" என்றேன். "சரி, ஏழாவது ஸ்லைடுக்குப் போங்க." போனேன். அந்த 2.9ஐ நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கயிறு இழுக்கும்போது ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறைந்துகொண்டே போகிறது என்று ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1913-ல் எழுதினார். குழு வேலை பற்றிப் பேச்சு வந்தால் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள். எங்களுக்கு அது பொருந்தாது. நாங்கள் முழு மூச்சாகத்தான் இழுத்தோம், ஆளுக்கொரு கயிறு.

அன்றிரவு குரூப்பில் பின்னால் தள்ளிப் பார்த்தேன். எங்கள் ஆறாவது ஆள், "அவன் ஒண்ணுமே செய்யறதில்ல" என்று நாங்கள் தனியாக ஒரு குரூப் வைத்துப் புலம்பிய ஆள், முந்தின இரவு 1.40க்கு ஒரு வரி போட்டிருந்தான்: "கே 2.9ல இன்சுலின் போடலாமா?" கே என்றால் பொட்டாசியம். அதற்கடுத்த செய்தி, "எல்லாரும் ஒரே ஃபான்ட் வைங்க ப்ளீஸ்." அதன் கீழே ஃபான்ட் பற்றியே பதினெட்டுச் செய்திகள். அவன் கேள்விக்கு ஒரே ஒரு கட்டைவிரல். போட்டது நான். படித்துவிட்டுப் போட்டேனா, கை பழக்கத்தில் போட்டேனா என்று இன்றைக்கும் நினைவில்லை.

அந்தத் தனி குரூப்பை மறுநாளே அழித்தோம். அவனிடம் மன்னிப்பு கேட்டதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. நான்கு நாள் கழித்துத்தான் கேட்டேன்.

அடுத்த கேஸிலிருந்து பங்கு பிரிப்பதைத் தள்ளிப்போட்டோம். 1969-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிபிஎல் (ஒரு பிரச்சினையை முன்வைத்துக் கற்பது) முறையிலும் இப்படித்தான்: எல்லோரும் சேர்ந்து கேஸை வாசித்து, என்னென்ன தெரியவில்லை என்று எழுதிக்கொள்வார்கள், அப்புறம்தான் தனித்தனியாகப் படிக்கப் போவார்கள். நாங்கள் ஒருவரைச் சத்தமாக வாசிக்க வைத்தோம். ஒவ்வொரு எண்ணிலும் நிறுத்தி, "இதனால் என்ன மாறும்?" என்று கேட்டோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. முதல் தடவை எரிச்சலாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டோம். பிரசன்டேஷனுக்கு இரண்டு நாள் முன்பு அவரவர் பகுதியை அடுத்தவர் விளக்க வேண்டும். சிகிச்சை எழுதியவன் பரிசோதனை முடிவுகளைச் சொல்வான், முடிவுகளைத் தொகுத்தவள் சிகிச்சையைச் சொல்வாள். எங்கே திணறுகிறார்களோ அங்கே ஒட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை என் பகுதியைச் சொல்ல வந்தவள் பாதியில் நிறுத்தி, "நீ எழுதினது உனக்கே புரியுதா?" என்றாள். கோபம் வந்தது. திரும்ப வாசித்தேன். புரியவில்லை.

ஃபான்ட் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை. அதற்குத் தனி குரூப் ஒன்று வைத்திருக்கிறோம், ஆறு பேரும் இருக்கிறோம். கேஸ் குரூப்பில் கட்டைவிரல் போடக் கூடாது என்பது அந்த ஆறாவது ஆள் போட்ட சட்டம். கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், இல்லையென்றால் "தெரியல" என்றாவது எழுத வேண்டும். அதிகமாக "தெரியல" எழுதியிருப்பது நான்தான்.