மழைக்காலத்தில் ஊற்றிய சவ்வும் ரத்தமும்

பாலிசல்ஃபோன் என்ற பாலிமரில் (ஒருவகை பிளாஸ்டிக்) மெல்லிய சவ்வு செய்து, அதன் மேல் ரத்தம் பட்டால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. டயாலிசிஸ் வடிகட்டிகள் பலவற்றுக்குள் இருப்பது இந்த வகைச் சவ்வுதான். நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்தேன். இந்த வேலையில் இறங்கப்போகிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

பாலிமரைக் கரைப்பானில் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, தகட்டோடு தண்ணீர்த் தொட்டியில் இறக்க வேண்டும். கரைப்பான் வெளியே போகும், தண்ணீர் உள்ளே வரும். அதுவரை தகட்டில் இருப்பதே தெரியாத படலம் சட்டென்று வெளுத்து, ஓரத்திலிருந்து உரிந்து மிதக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நம்ம மாவட்டத்தில்தான் இதற்குச் சிக்கல். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. நாங்கள் பயன்படுத்திய என்எம்பி கரைப்பான் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தொட்டிக்குப் போவதற்குள்ளேயே படலம் மங்க ஆரம்பித்துவிடும். ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி ஜன்னலைப் பார்த்துவிட்டு, “மக்களே, இன்னைக்கு ஊத்தாண்டாம்” என்பார். நான் அந்த மங்கிய சவ்வுகளையும் எடுத்து வைத்தேன். மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தது. பின்னால் சோதித்தபோது, வெயில் நாளில் ஊற்றிய வழுவழுப்பான சவ்வைவிட அதில்தான் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதிகம் ஒட்டியிருந்தன. பாலிமர் ஒன்றேதான், பரப்புதான் வேறு.

அடுத்தது பிவிபி என்ற, தண்ணீரை விரும்பும் இன்னொரு பாலிமரைச் சேர்ப்பது. பாலிசல்ஃபோன் தண்ணீரை அவ்வளவாக விரும்பாது. பிவிபி கலந்தால் சவ்வில் வைத்த நீர்த்துளி முன்பைவிடப் பரந்து படியும், துளியின் ஓரம் பரப்போடு சேரும் கோணமான தொடுகோணம் குறையும். அப்போ தண்ணீரை விரும்பும் பரப்பெல்லாம் ரத்தத்துக்கு நல்லதா? அப்படி எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் பழைய டயாலிசிஸ் சவ்வுகளை நினைத்துப் பாருங்கள். 1943இல் வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் நெதர்லாந்தில் செய்த செயற்கைச் சிறுநீரகத்தில் இருந்தது செல்லுலோஸால் ஆன செல்லோஃபேன். பின்னால் வந்த செல்லுலோஸ் சவ்வுகளும் நன்றாகவே நனையும். ஆனால் அவற்றின் ஹைட்ராக்சில் தொகுதிகள் ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் நிரப்புப் புரதங்களைத் தூண்டிவிடும். டயாலிசிஸ் தொடங்கிய அரை மணிக்குள் வெள்ளணு எண்ணிக்கை இறங்கிவிடும். மின்னூட்டமும் சும்மா இருப்பதில்லை. எதிர் மின்னூட்டம் அதிகமுள்ள ஏஎன்69 என்ற டயாலிசிஸ் சவ்வில், ரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருள் உருவாகும். அதைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் சில பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு அது ஆபத்தான ஒவ்வாமை போன்ற நிலையைக் கொண்டுவந்திருக்கிறது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே விஷயம்: ரத்த அணுக்கள் சவ்வை நேரடியாகப் பார்ப்பதில்லை. சில நொடிகளிலேயே புரதங்கள் பரப்பில் படிந்துவிடுகின்றன, அணுக்கள் சந்திப்பது அந்தப் படிவைத்தான். ஆல்புமின் படிந்தால் தட்டணுக்கள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். உறைதலுக்கு உதவும் ஃபைப்ரினோஜன் படிந்தால் பிடித்துக்கொள்ளும்.

ரத்தச் சோதனைக்கு முதலில் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அதை முதல் மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் சிவப்பணு சிதைவுச் சோதனை. உப்பு நீரில் நீர்த்த ரத்தத்தில் சவ்வுத் துண்டைப் போட்டு 37 டிகிரியில் வைத்து, சுழற்றி எடுத்தால், நல்ல சவ்வின் குழாயில் அடியில் சிவப்பும் மேலே தெளிந்த நீரும் நிற்கும். வெறும் காய்ச்சி வடித்த நீர் விட்ட ஒப்பீட்டுக் குழாய் முழுக்கச் சிவந்திருக்கும். 2 சதவீதத்துக்குக் கீழே சிதைவு இருந்தால் தேறியது என்பது வழக்கம்.

என் சவ்வுகள் எல்லாமே இதில் தேறின, சொரசொரப்பானவையும்தான். தட்டணுச் சோதனைக்குப் போனபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில், வழுவழுப்பான பிவிபி சவ்வில் தட்டணுக்கள் ஆங்காங்கே உருண்டையாக இருந்தன. சொரசொரப்பானதில் கைகளை நீட்டி, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. உறைதல் தொடங்குவதன் அடையாளம் அது.

ஆகவே சிதைவுச் சோதனை ஒன்றை மட்டும் செய்து “ரத்தத்துக்கு ஏற்றது” என்று எழுதும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை. ரத்தத்தைத் தொடும் மருத்துவச் சாதனங்களுக்கான ஐஎஸ்ஓ 10993-4 தரநிலை உறைதல், தட்டணு, நிரப்புப் புரதம் என்று தனித்தனியாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான். எங்களிடம் நிரப்புப் புரதச் சோதனைக்கு வசதி இல்லை, அதனால் ஆய்வேட்டில் அதைப் பற்றி எதுவும் உரிமை கொண்டாடவில்லை. நீங்கள் தொடங்கும்போதே அதற்கு ஒரு வெளி ஆய்வகத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு ஊற்றும் ஒவ்வொரு நாளும் காற்றின் ஈரப்பதத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.