ஒரே மீனவர், பல பதிவேடுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் இராமநாதபுரம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரே மீன்பிடித் தடை, சட்டப்படி இரண்டு. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆட்சிக்கடலுக்கு, அதாவது கரையை ஒட்டிய 12 கடல் மைலுக்கு, அப்பாற்பட்ட மீன்பிடிப்போ மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அதனால் 12 கடல் மைல் வரை தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 1983-இன் கீழ் மாநில அரசும், அதற்கு வெளியே மத்திய அரசும் தனித்தனியே ஆணையிடுகின்றன. மூக்கையூரிலிருந்து மன்னார் வளைகுடாவில் தெற்கே போகும் ஒரு படகு அந்தக் கோட்டைத் தாண்டும்போது வேறொரு நாட்காட்டிக்குள் நுழைவதில்லை என்றால், இரண்டு அரசுகளும் தேதிகளை ஒத்துக்கொண்டிருப்பதே காரணம்.

தேதிகளில் முடிந்த இந்த ஒத்திசைவு பதிவேடுகளில் ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்து உறவினர்களுக்கு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து வருவதால் இதை அருகிலிருந்து பார்க்கிறேன். தடைக்கால நிவாரணமாக மாநில அரசு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், மாநில அரசும் மத்திய அரசும் ஆளுக்கு 1,500 ரூபாய் சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. இந்தத் தொகைகள் ஒருவர் கைக்கு வர, மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் பதிவு, மாநில அரசின் குடும்ப அட்டை, மத்திய அரசின் ஆதார், வங்கிக் கணக்கு ஆகிய நான்கிலும் அவர் ஒரே ஆளாகத் தெரிய வேண்டும்.

அங்கேதான் சிக்கல். நம் கரையில் ஒருவருடைய பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும். ஆதாரில் அது பெயருக்குப் பின்னால் போயிருக்கும், அல்லது தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். சங்கப் பதிவேட்டில் தமிழில் ‘அந்தோணி’ என்று இருப்பது வங்கியில் ஆங்கில எழுத்துகளில் ஒரு விதமாகவும், படகுப் பதிவில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ‘முகமது’ என்ற ஒரு பெயருக்கே எத்தனை எழுத்துக்கூட்டல்கள்! ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் கணினிக்கு மூன்று பேராகிவிடுகிறார். பெயர் பொருந்தினாலும் வங்கி இடறும்: ஆதார் எண்ணை வைத்துப் பணம் அனுப்பும் முறையில், கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்குக்கே பணம் போகும். எப்போதோ வேறொரு காரணத்துக்காகத் தொடங்கி மறந்துபோன கணக்கில் நிவாரணம் விழுந்திருக்க, பணமே வரவில்லை என்று உரியவர் நடையாய் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். எந்த அலுவலகமும் அவரிடம் பொய் சொல்லவில்லை. ‘எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது’ என்று ஒவ்வொன்றும் சொல்வது உண்மைதான். பிழை இருப்பது இரண்டு பக்கங்களுக்கும் நடுவில். அந்த நடுப்பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி என்று யாரும் இல்லை. இன்று அந்த வேலையைச் செய்பவர் இ-சேவை மையத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்தான்.

இதற்கிடையில் பதிவுக்கான புதிய இணையதளங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021 ஆகஸ்டில் இ-ஷ்ரம் வந்தது; 2024 செப்டம்பரில் தேசிய மீன்வள டிஜிட்டல் தளம் வந்தது; படகுப் பதிவுக்கும் உரிமத்துக்கும் ஏற்கெனவே ரியல்கிராஃப்ட் இருக்கிறது. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் மீனவரிடம் பெயர், முகவரி, தொழில் என்று முதலிலிருந்து கேட்கத் தொடங்கும்போது, பழைய பிழைகளோடு இன்னொரு பதிவேடு பிறக்கிறது.

எஸ்தோனியாவில் 2001 முதல் இயங்கும் எக்ஸ்-ரோடு என்ற ஏற்பாட்டில், அரசுத் துறைகள் தத்தம் பதிவேடுகளைத் தாங்களே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது ஒன்றிடம் ஒன்று கேட்டுக்கொள்கின்றன. ஒரே தகவலைத் திரட்ட இன்னொரு தரவுத்தளம் அமைப்பதை அந்நாட்டுச் சட்டமே தடை செய்கிறது. பதிமூன்று லட்சம் பேர் வாழும், கூட்டாட்சி அல்லாத நாடு அது. அப்படியே இங்கே கொண்டுவர முடியாது என்பதை அறிவேன். ஆயினும் ஒரே தகவலை மறுபடி திரட்டக் கூடாது என்ற அந்தத் தடை நமக்கும் பொருந்தும். ஒருவர் மீனவரா என்பதற்கு மாநில மீன்வளத்துறையின் பதிவே முடிவானது, இறந்துவிட்டாரா என்பதற்கு உள்ளாட்சியும் வருவாய்த் துறையும் எழுதும் பிறப்பு இறப்புப் பதிவே முடிவானது என்று எல்லா நிலை அரசுகளும் எழுத்தில் ஒத்துக்கொண்டால், அந்தக் கேள்வியை மறுபடி மக்களிடம் கேட்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டகத்தில் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது ஆபத்தானது.

படகு பிடிபடும் நாளில் இந்த இடைவெளி மிகவும் கொடியது. இலங்கைக் கடற்படை ஒரு படகைச் சிறைபிடித்தால், படகின் பதிவும் அதில் போனவர்களின் பெயர்களும் மீன்வளத்துறையிலிருந்து சென்னைக்கும், அங்கிருந்து டெல்லிக்கும், யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுப் பெண்களை ஆதார் நகலுக்காக அலையவிடுவது எனக்கு ஏற்கவே முடியாத ஒன்று.

கடற்பாசி எடுக்கும் பெண்களின் நிலை வேறு மாதிரி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியக் கடல் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே வனத்துறை அவர்களைத் தடுக்கிறது. இதே மாவட்டத்தில் வளமாவூரில் மத்திய, மாநில அரசுகளின் திட்டமாகக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. ஒரு துறைக்குப் பயனாளியான அதே பெண் இன்னொரு துறைக்கு அத்துமீறியவர்.

பெரிய மாற்றங்களுக்குக் காலம் பிடிக்கும். மாவட்ட அளவில் வரும் மார்ச்சிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு: சங்கப் பதிவேடு, குடும்ப அட்டை, ஆதார், வங்கி ஆகியவற்றில் பெயர் பொருந்தாதவர்களைத் தடைக்காலத்துக்கு முன்பே கண்டறிந்து, ஆதார் எண் எதுவும் வெளியில் தெரியாமல், அவரவருக்குச் சங்கத்தின் வழியாகத் தகவல் சொல்லி, மீன்வளத்துறை, வட்ட வழங்கல் அலுவலகம், வங்கி, ஆதார் மையம் ஆகிய நான்கின் ஊழியர்களும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுக்க வேண்டும். இந்தக் கோரிக்கையை அடுத்த மீனவர் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கப்போகிறேன்; மண்டபம், தொண்டி, ஏர்வாடிப் பக்கத்துச் சங்கங்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது.